பெயர் தெரியாத குளிசையும் தூளும்: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையின் காற்சட்டையைக் கழுவப் போட்டபோது ஈயத்தாளில் சுற்றிய சரை ஒன்று விழுந்திருக்கலாம். உப்புவெளிப் பக்கம் ஒரு விருந்துக்குப் போன தம்பி, கண் சொருகிய நிலையில் ஓட்டோவில் வந்து இறங்கியிருக்கலாம். "என்ன எடுத்தாய்?" என்று கேட்டால் ஏதோ ஒரு பெயர் சொல்வான். அந்தப் பெயரை நம்பி அடுத்த ஒரு மணித்தியாலத்தை யாரும் வீணாக்கிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் அக்காவின் மகனுக்கு இப்படி நடந்தபோது, எந்த வாசலைத் தட்டுவது, எந்தக் கடதாசியை எடுத்து வைப்பது என்று சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. பாமசியில் கேட்டோம், தனியார் லாப்பில் கேட்டோம். ஒவ்வொருவரும் அடுத்த இடத்தைக் கையால் காட்டினார்கள். அவன் சொன்ன பெயருக்கும் அவன் உடம்பு காட்டிய அறிகுறிகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று கடைசியில் வாட்டில் இருந்த வைத்தியர்தான் சொன்னார். பிள்ளை பிழைத்து, இப்போது வேலைக்குப் போகிறான். நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். ஆள் இப்போதே மயங்கிக் கிடந்தால் முதல் பகுதியை மட்டும் வாசியுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

1. ஆள் பதில் சொல்லவில்லையா? உடனே 1990

தோளைத் தட்டிக் கூப்பிட்டும் எழும்பவில்லை. மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வருகிறது. தொண்டையில் கொரகொரவென்று குறட்டை மாதிரிச் சத்தம். உதடும் நகமும் நீலம் பாரிக்கிறது. வலிப்பு, நெஞ்சு வலி, நெருப்பாய்க் கொதிக்கும் உடம்பு, யாரையும் அடையாளம் தெரியாத அளவுக்குக் குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அது இலவசம், தமிழிலேயே பேசலாம். "என்ன எடுத்தார்?" என்று கேட்டால், "தெரியவில்லை, ஏதோ குளிசை, மூச்சு குறைகிறது" என்று உள்ளதைச் சொன்னால் போதும். பெயரைக் கண்டுபிடித்துவிட்டு எடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

இடம் சொல்வதில்தான் நேரம் போகும். நிலாவெளி, சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் பக்கத்து ஒழுங்கைகளில் இரவில் வீடு கண்டுபிடிப்பது கஷ்டம். பிரதான வீதியில் பெயர் தெரிந்த ஒரு கோயில், பள்ளிவாசல், பாடசாலை அல்லது விடுதியைச் சொல்லிவிட்டு, ஒருவரைக் கையில் விளக்கோடு அங்கே அனுப்புங்கள்.

அம்புலன்ஸ் வரும் வரைக்கும்: மூச்சு இருந்தால் ஆளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். மேல் பக்கத்து முழங்காலை மடித்து முன்னால் ஊன்றினால் உருண்டுவிடாது. வாய் தரையை நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் வாந்தி வந்தால் தொண்டையை அடைக்காது. மூச்சே இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரிந்தவர் என்றால் 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. போதைப்பொருளால் மூச்சு நின்ற ஆளுக்கு ஊதிக் கொடுக்கும் மூச்சு மிகவும் உதவும். தெரியாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். தொலைபேசியில் இருப்பவர் வழி சொல்வார், வைத்துவிடாதீர்கள்.

உடம்பு கொதித்து, ஆள் பதறிக்கொண்டிருந்தால், சட்டையைக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறியைப் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்க வேண்டாம். திமிரத் திமிர உடம்புச் சூடு இன்னும் ஏறும்.

செய்யவே கூடாதவை நம் ஊரில் கைவசம் நிறைய இருக்கின்றன. மோர், தேசிக்காய்த் தண்ணீர், புளிக்கரைசல், உப்புத் தண்ணீர், கடும் கோப்பி எதுவும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பதும் காயத்தைத்தான் தரும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான பேச்சு ஒன்று உண்டு: "படுக்க விடுங்கோ, விடிய எழும்பினால் சரியாகிவிடும்." குறட்டை கேட்கிறது, நன்றாக நித்திரை கொள்கிறான் என்று வீட்டார் ஆறுதலாகப் படுத்துவிடுவார்கள். அந்தக் குறட்டைதான் மூச்சுப் பாதை அடைபடும் சத்தம்.

அம்புலன்ஸ் தாமதமானால் கார், வான், ஓட்டோ எதிலாவது பக்கவாட்டில் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக் கொண்டு போகக் கூடாது. கழுத்து முன்னால் தொங்கினால் வழியிலேயே மூச்சு அடைபடும். அடுத்து, எந்த ஆஸ்பத்திரி என்ற யோசனை. கிட்ட இருப்பதற்கே போங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை தள வைத்தியசாலைகளில் முதல் சிகிச்சை தந்து, தேவைப்பட்டால் அவர்களே அம்புலன்சில் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். "பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போவோம்" என்று இடையில் இருக்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டாம்.

2. கண், மூச்சு, தோல்: இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள்

வைத்தியருக்கு நீங்கள் சொல்லும் பெயரை விட இந்த மூன்றும் பெறுமதியானவை. என்ன பொருள் என்று தெரியாவிட்டாலும், எந்த வகை என்று இவற்றை வைத்து அவர் ஊகித்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.

கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, ஆள் தூங்கி வழிந்தால் அபின் வகையாக இருக்கலாம். ஹெரோயின், மோர்பின், கோடீன் எல்லாம் இந்த வகை. கண்மணி விரிந்து, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தாடை இறுகி, ஓயாமல் பேசினால் ஐஸ், எக்ஸ்டசி போன்ற தூண்டும் வகை. கண்மணி விரிந்திருக்கிறது, ஆனால் தோலும் வாயும் காய்ந்து கிடக்கிறது, காற்றில் எதையோ பிடுங்குகிறான், சிறுநீர் போகவில்லை என்றால் அது ஊமத்தை வகை. நாக்குத் தடித்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால் நித்திரைக் குளிசை அல்லது பிரகபலின் என்ற நரம்பு வலிக் கெப்சூல் மாதிரி ஒன்று.

ஒன்றுக்கு மேற்பட்டதைக் கலந்து எடுத்திருந்தால் இந்த அடையாளங்களும் கலந்துதான் வரும். அதனால் நீங்களே தீர்ப்புச் சொல்லாமல், கண்டதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். "9.40க்கு வாந்தி, 10 மணிக்குக் கண் சொருகியது" என்று எழுதினால் போதும்.

3. சொல்லும் பெயரை ஏன் நம்பக் கூடாது

வாங்கியவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கே தெரியாது. விற்றவனுக்கும் பெரும்பாலும் தெரியாது. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது எதையாவது கலந்திருப்பார்கள், அல்லது கிடைக்காத சரக்குக்குப் பதிலாகக் கிடைத்ததை அதே பெயரில் தள்ளியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது குளிசைகளைத்தான். டிரமடோல் வலி நிவாரணி. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சாதாரணக் குளிசையில் 50 அல்லது 100 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. கள்ளச் சந்தைக்கென்றே செய்யப்படுபவற்றில் ஒரே குளிசையில் 200 மில்லிகிராமுக்கு மேல் அடைத்தும் வருகிறது. அப்படியென்றால் இரண்டைப் போட்டவனே ஒரு நாளின் எல்லையைத் தாண்டியிருப்பான். டிரமடோல் அபின் வகைதான், ஆனால் மற்றவை போல் மூச்சை மட்டும் அடக்குவதில்லை, வலிப்பையும் கொண்டுவரும். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர் இதை எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பிரகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கெப்சூல். தனியாக எடுத்தால் தள்ளாட்டம், மயக்கம். ஹெரோயினோடோ டிரமடோலோடோ சாராயத்தோடோ சேர்த்தால் மூச்சு அடங்கிப்போகலாம். "இது பாமசி மருந்துதானே" என்ற நம்பிக்கைதான் பிள்ளைகளை இதில் விழுத்துகிறது.

குளிசை அட்டையில் அச்சடித்திருப்பதையும் அப்படியே நம்ப முடியாது. அட்டையைப் பிரதி பண்ணுவது லேசான வேலை. இந்திய மருந்து அட்டை என்றால் மருந்தின் பொதுப் பெயர், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளரின் முகவரியும் உரிம இலக்கமும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லை, எழுத்துப் பிழை இருக்கிறது, அச்சு மங்கியிருக்கிறது என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் உத்தரவாதம் இல்லை.

ஐஸ் என்று விற்கப்படுவது மெத்தம்பெட்டமின். பார்க்கக் கற்கண்டுத் துண்டு மாதிரி இருக்கும். மூட்டு வலிக்கு விற்கப்படும் எம்எஸ்எம் என்ற சாதாரணப் பொருளும் அதே மாதிரிப் பளிங்குதான், கலப்படத்துக்கு அதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஒரு சரையில் பாதி கலப்படம், அடுத்ததில் கலப்படமே இல்லை என்றால், நேற்று எடுத்த அதே அளவு இன்று இரண்டு மடங்காகிறது.

ஹெரோயின் தூளில் கஃபீனும் பரசிற்றமோலும் கலப்பது வழமை. வெளிநாடுகளில் இப்போது அதற்குள் ஃபென்டனில், நைட்டசீன் என்ற கடும் செயற்கை அபின் வகைகள் வருகின்றன. ஃபென்டனில் ஹெரோயினை விட ஏறக்குறைய 50 மடங்கு வீரியம் உள்ளது. நைட்டசீன்களில் சில அதையும் தாண்டும். போலி நித்திரைக் குளிசைகளிலும் இவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்தவர் "என் ஊரில் டொக்டர் தந்தது" என்று ஒரு குளிசையை நீட்டினால் வாங்காதீர்கள்.

எக்ஸ்டசி என்ற பெயரில் பிஎம்ஏ, பிஎம்எம்ஏ என்ற வேறு இரசாயனங்கள் வந்து பல நாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கின்றன. அவை மெதுவாக ஏறும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இரண்டாவதைப் போடுவார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும்போது உடம்புச் சூடு கட்டுக்கு அடங்காது. எல்எஸ்டி முத்திரை (பிரமை தரும் போதைப்பொருள் ஊறிய தாள்துண்டு) என்று விற்பதில் என்பிஓஎம்ஈ என்ற வேறு இரசாயன வகை இருந்து வலிப்பு வந்ததும் உண்டு. கஞ்சா என்று தரும் இலையிலும், புகைக்கும் மின்கருவித் திரவத்திலும் செயற்கை இரசாயனம் தெளித்திருக்கலாம். அது கஞ்சாவே அல்ல, வலிப்பையும் மயக்கத்தையும் தரக்கூடிய வேறு சரக்கு.

கசிப்பையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் மெதனோல் கலந்திருந்தால் முதலில் சாதாரண வெறி போலவே இருக்கும். 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துத்தான் பார்வை மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். கண்ணுக்கு முன்னால் பனி மூடின மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. கூடக் குடித்தவர்களையும் தேடிப்பிடித்து அனுப்புங்கள்.

4. மிச்சத்தை எடுத்து வைக்கும் விதம்

முகர வேண்டாம், நாக்கில் வைக்க வேண்டாம், நொறுக்கிப் பார்க்க வேண்டாம். சில பொருட்கள் உப்புக்கல் அளவிலேயே ஆளை விழுத்தக்கூடியவை. வெறுமனே தொட்டதற்காகப் பயப்படத் தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினால் சரி.

முதலில் படம். வெள்ளைக் கடதாசியில் வைத்து, பக்கத்தில் ஒரு 10 ரூபாய்க் குற்றியை வைத்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் எடுங்கள். குளிசையில் பதித்திருக்கும் எழுத்து, நடுக்கோடு, அட்டையின் பின்பக்க அச்சு எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். வெறும் அட்டை என்றாலும் எறியாதீர்கள். எத்தனை குழி வெறுமையாக இருக்கிறது என்பதே வைத்தியருக்கு ஒரு கணக்கு.

ஆள் ஆஸ்பத்திரியில் என்றால் மிச்சப் பொருளைக் கடித உறையில் இட்டு ஒட்டி, சிகிச்சை தரும் வைத்தியரின் கையிலேயே கொடுத்து, எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுங்கள். வேறு எங்கும் கொண்டு திரிய வேண்டாம். காரணம் 7 ஆம் பகுதியில் இருக்கிறது.

கூட இருந்த நண்பர்களிடம் கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். நாலு பேருக்கு முன்னால் வைத்து அதட்டினால் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உன்னைக் காட்டிக்கொடுக்க நான் கேட்கவில்லை, அவனுடைய உயிருக்காகக் கேட்கிறேன். எத்தனை போட்டவன், எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேளுங்கள். யார் விற்றது என்ற கேள்வியை அந்த நேரத்தில் எடுக்கவே வேண்டாம். நீங்களும் எடுத்தீர்களா என்று அவர்களையும் கேளுங்கள். அதே அட்டையில் இருந்து எடுத்த இன்னொருவன் வேறொரு வீட்டில் மயங்கிக் கிடக்கலாம்.

ஒரு துண்டில் இவற்றை எழுதுங்கள்: பெயர், வயது, அண்ணளவான எடை. என்ன பெயர் சொல்லி வாங்கியது. எத்தனை, எத்தனை மணிக்கு. விழுங்கியதா, புகைத்ததா, ஊசியா. சாராயம் குடித்திருந்தாரா. வேறு வருத்தம், எடுக்கும் மருந்து, ஒவ்வாமை. பொலிசைக் கண்டு சரையை அப்படியே விழுங்கியிருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். வயிற்றுக்குள் அந்தச் சரை வெடித்தால் மணித்தியாலங்களுக்குப் பிறகும் ஆள் விழலாம்.

5. ஆஸ்பத்திரியில் நடப்பதும் நீங்கள் கேட்க வேண்டியதும்

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. அடையாள அட்டை இருந்தால் கொண்டு போங்கள், இல்லையென்று வீட்டுக்குத் திரும்பி ஓட வேண்டாம். பிறகு ஒருவர் கொண்டுவந்தால் போதும். கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும். பணியில் இருக்கும் வைத்தியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருக்கலாம், அதனால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போனால் விவரம் மாறாது.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தின் எண் 011 2686143. நாள் முழுவதும் பதில் தருவார்கள். பொதுமக்களும் கூப்பிடலாம், வைத்தியர்களும் அங்கே ஆலோசனை கேட்பார்கள். ஆள் தெளிவாக இருக்கிறார், ஆனால் என்ன விழுங்கினார் என்று தெரியவில்லை என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இந்த எண்ணுக்குப் பேசலாம். மயங்கிய ஆளுக்கு முதலில் 1990தான்.

இரண்டு விஷயங்களை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நலொக்சோன் ஊசி. அபின் வகையால் மூச்சு அடங்கியவருக்கு இதைப் போட்டால் சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து எழும்பி இருப்பார். வீட்டார் அழுது, கும்பிட்டு, உடனே வீட்டுக்குக் கூட்டிப்போக நிற்பார்கள். எழும்பியவரும் "எனக்கு ஒன்றுமில்லை, துண்டு வெட்டச் சொல்லுங்கோ" என்று அடம்பிடிப்பார். அந்த ஊசியின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே இருக்கும் பொருள் அதை விட நீண்ட நேரம் நிற்கக்கூடியது என்றால் ஊசியின் வேலை முடிந்ததும் மூச்சு மறுபடியும் அடங்கும். என்ன பொருள் என்றே தெரியாத நிலையில் எவ்வளவு நேரம் என்று யார் சொல்வது? வைத்தியர் போகலாம் என்று சொல்லும் வரை கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

இரண்டாவது, பரசிற்றமோல். டிரமடோலும் பரசிற்றமோலும் சேர்ந்த குளிசைகள் உண்டு. போதைக்காக அதில் பத்துப் பதினைந்தைப் போட்டால் பரசிற்றமோலின் அளவும் ஏறிவிடும். முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும், ஆள் நன்றாகவே தெரிவார். ஈரல் பழுதாவது அடுத்தடுத்த நாட்களில்தான் வெளியே தெரியும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால், வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள்: "இதில் பரசிற்றமோல் இருந்திருக்கலாமா, அதற்குப் பார்த்தீர்களா?" கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நஞ்சு உட்கொண்டவர்கள் அனுமதிக்கப்படும்போது ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரணில் விவரம் கேட்கலாம். அதற்குப் பயந்து "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வைத்தியரிடம் சொல்லி அட்மிட் பண்ணுகிறவர்கள் உண்டு. அது உயிரோடு விளையாடும் வேலை. வைத்தியரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். பொலிசுக்கு வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தால் சட்டத்தரணியிடம் பேசிவிட்டுக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

துண்டு வெட்டும் நாளில் நோய் விவர அட்டையைக் கட்டாயம் வாங்குங்கள். பெயர், வயது, திகதி சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் பிறகு திருத்துவதற்கு அலைச்சல். போட்டோப் பிரதி இரண்டு எடுத்து, ஒன்றைத் தொலைபேசியிலும் படமாக வையுங்கள். அடுத்த கிளினிக், ஆலோசனை நிலையம், வேலைத்தள விடுமுறை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

6. அந்தப் பொருள் என்னவென்று எங்கே சோதிக்கலாம்?

நாங்கள் அதிகம் அலைந்தது இதற்குத்தான். நேராகச் சொல்கிறேன்: தனி ஆள் ஒரு குளிசையையோ தூளையோ கொண்டுபோய்க் கொடுத்து, "இது என்ன?" என்று கேட்டு ரிப்போர்ட் வாங்கும் இடம் திருகோணமலையில் இல்லை. நெதர்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் அப்படி நிலையங்கள் சட்டப்படி இயங்குகின்றன. இங்கே போதைப்பொருள் பகுப்பாய்வு பத்தரமுல்லையில் உள்ள அரச இரசாயன பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் நடக்கிறது. அங்கே மாதிரி போவது பொலிஸ், நீதிமன்றம் வழியாக. அறிக்கை வர வாரங்கள், மாதங்கள் ஆகும். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

பாமசிக்காரரிடம் படத்தைக் காட்டலாம். பதிவான மருந்து என்றால் அட்டையைப் பார்த்துப் பொதுப் பெயரைச் சொல்வார். ஆனால் அவர் சொல்வது அட்டையில் எழுதியிருப்பதைத்தான், குளிசைக்குள் இருப்பதை அல்ல. இணையத்தில் குளிசையின் எழுத்தை வைத்துத் தேடும் தளங்கள் பெரும்பாலும் அமெரிக்க மருந்துகளுக்கானவை. நம் ஊரில் கிடைக்கும் இந்திய, பாகிஸ்தான் தயாரிப்புகளுக்கு அவற்றில் வரும் பதில் தவறாக வழிநடத்தும்.

நிறம் மாறும் சோதனைத் திரவங்களை இணையத்தில் சிலர் விற்கிறார்கள். அவை ஒரு பொருள் இருக்கலாம் என்று மட்டும்தான் காட்டும். எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது, கலந்திருக்கும் இன்னொன்றைக் கடும் நிறம் மறைத்துவிடும். போதாததற்கு அந்தத் திரவத்தில் அமிலமும் இருக்கும். சோதித்துப் "பிரச்சினை இல்லை" என்று வந்ததால் எடுக்கலாம் என்று நினைத்தால் அதை விட ஆபத்து வேறில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை வேறு விஷயம். தனியார் லாப்புகளில் செய்யலாம். எத்தனை வகைக்குப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் செலவு சில ஆயிரம் ரூபாய் வரும், போகுமுன் தொலைபேசியில் விலையைக் கேளுங்கள். அதே அழைப்பில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "உங்கள் சோதனை எந்தெந்தப் பொருளுக்கு?" வழமையான சோதனைப் பட்டிகள் கஞ்சா, மோர்பின் வகை, அம்பெட்டமின் வகை, நித்திரைக் குளிசை வகைகளைத்தான் பார்க்கும். டிரமடோலும் பிரகபலினும் ஃபென்டனிலும் தனியாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் அதில் இருக்காது. எங்கள் பிள்ளைக்கு எல்லாமே "இல்லை" என்று வந்ததன் காரணம் இதுதான்.

நேரமும் முக்கியம். ஐஸ், ஹெரோயின் இரண்டு மூன்று நாளில் சிறுநீரில் இருந்து போய்விடும். தினமும் கஞ்சா எடுப்பவருக்கு வாரக்கணக்கில் காட்டும். தடிமலுக்கு எடுக்கும் சூடோஎபிட்ரின் போன்ற மருந்துகள் அம்பெட்டமின் என்று பொய்யாகக் காட்டக்கூடும், அதனால் ஒரு பட்டியின் கோட்டை வைத்துப் பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள். இன்னொரு வேண்டுகோள்: ஒளித்து, ஏமாற்றிச் சிறுநீர் எடுக்க வேண்டாம். அது தெரிய வந்தால் அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது. அடுத்த தடவை உயிரைக் காப்பாற்றத் தேவைப்படுவது அந்தப் பேச்சுத்தான்.

7. சட்டப் பக்கம், சுருக்கமாக

எவ்வளவு சிறிய அளவு என்றாலும் ஹெரோயின், ஐஸ், கஞ்சா வைத்திருப்பது குற்றம். ஹெரோயின் 2 கிராமுக்கும், 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மெத்தம்பெட்டமின் 5 கிராமுக்கும் மேல் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். வீதிச் சோதனையில் பையில் பிடிபட்டால், "மகனுடையது, சோதிக்கக் கொண்டு போகிறேன்" என்ற பேச்சு எடுபடாது. வீட்டில் ஏதாவது கிடைத்தால், ஆள் ஆபத்தில் இல்லை என்றால், அதை எடுத்துக்கொண்டு எங்கும் கிளம்பாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். வருமானத்தைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்கலாம், அதைப் பெறும்போது காரணத்தை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, "சட்ட உதவிக்கு" என்றால் போதும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

சில நாட்களுக்கு ஆளைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். பார்வை மங்கல், கண் மஞ்சளாதல், இடைவிடாத வாந்தி, கடும் சிறுநீர் நிறம், மறுபடியும் தூக்கக் கலக்கம் எது வந்தாலும் நோய் விவர அட்டையோடு திரும்பப் போங்கள்.

"இனி தொடவே கூடாது" என்று ஆளை அறையில் பூட்டிவைக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பிரகபலினையும் நித்திரைக் குளிசையையும் நீண்ட நாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். குறைப்பதை வைத்தியர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். சில நாள் நிறுத்தியவருக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும், ஆகவே மீண்டும் பழைய அளவை எடுத்தால் அதுவே கூடிப்போய்விடும். இதை அவருக்கு முன்னாலேயே, திட்டாமல், தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927. மனம் உடைந்து, சாக வேண்டும் போல் இருக்கிறது என்று ஒரு சொல் வந்தாலும் தேசிய மனநல உதவி எண் 1926. திருகோணமலை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி, துண்டு வெட்டும் முன்பே வாட்டு வைத்தியரிடம் கேட்டால் கிளினிக் திகதியை அங்கேயே போட்டுத் தருவார்கள். வெளியில் வந்துவிட்டுத் திரும்பப் போய்க் கேட்டால் மறுபடி முதலில் இருந்து நம்பர் எடுத்து வரிசையில் நிற்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டப்படி ஒருவர் தானாகவே விரும்பிப் புனர்வாழ்வுச் சிகிச்சைக்குச் சேரலாம். தங்கிச் சிகிச்சை பெறும் அரச நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி போன்ற தூர இடங்களில் இருப்பதால், இடம் இருக்கிறதா, என்ன கடிதம் வேண்டும், எத்தனை நாள், தமிழ் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று 1927இல் கேட்டு உறுதி செய்த பிறகே பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காசு செலவழியுங்கள். போகும்போது அடையாள அட்டை, நோய் விவர அட்டையின் மூலம், இரண்டு பிரதி, எடுக்கும் மருந்தின் அட்டை இவ்வளவும் கையில் இருக்கட்டும்.